ஏழரைக் கிலோ சீனியர் கிப்பிள்

கிழ நாய்களுக்கான இந்தக் கிப்பிளுக்கு, அதாவது உலர் தீனிக்கு, தள்ளுபடி போட்டதிலிருந்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: பெரிய பையாகவே எடுத்துவிடலாமா? சின்ன நாய் என்றால் வேண்டாம்.

கருத்தடை செய்த, அதிகம் ஓடாத 6 கிலோ கிழ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 கிலோகலோரி போதும். இந்தக் கிப்பிளில் அது 100 கிராம். 7.5 கிலோ தீர 75 நாள் ஆகும். திறந்த பையை ஆறு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. நம்ம ஊர் ஈரப்பதத்தில் அதற்கும் முன்னாலேயே. மீன் எண்ணெய் சேர்த்த தீனி, காற்றுப் பட்டால் காறிப்போகும்.

காற்றுப் படாமல் வைக்கத்தான் பை வாயில் அந்த ஜிப்பாம்! கிப்பிள் தூள் பள்ளத்தில் போய் அடைந்துகொள்ளும். ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை வாயைப் பிளக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் தூளைத் தட்டி, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி, மூன்று மடிப்பு மடித்து கிளிப் போட வேண்டியிருக்கிறது. அப்புறம் பையோடு மூடி இறுகிய டப்பாவுக்குள். டப்பாவில் நேரே கொட்டாதீர்கள். சுவரில் ஒட்டும் பழைய எண்ணெய் அடுத்த பையையும் கெடுக்கும். ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்துத் திறக்கும்போது வேர்த்துவிடும்.

இத்தனை எரிச்சல் எதற்கென்றால், காறல் வாடைக்கு நாய் தட்டை விட்டு நகரும். வீட்டில் "வயசாயிடுச்சு, பசியில்ல" என்று சாம்பார் சோற்றைப் பிசைந்து வைப்பார்கள். அதிலிருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். புதுப் பையையும் ஒரு நாள் முழுக்கத் தொடவில்லையென்றால் பல், சிறுநீரகம் இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தீனியில் குறை சொல்ல முடியாது. 28% புரதம், வயதானால் தசை கரையும், ஆரோக்கியமான கிழ நாய்க்குப் புரதத்தைக் குறைப்பது வீண் வேலை. ஆனால் 'சீனியர்' என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். கால்நடைத் தீனிக்குச் சத்து அளவு வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆஃப்கோவின் (AAFCO) அளவுகள் குட்டிக்கும் வளர்ந்த நாய்க்கும் உண்டு, முதுமைக்கென்று தனியாக இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பாஸ்பரஸ் குறைத்த மருத்துவ உணவுதான், இது ஆகாது.

பல் ஆடும் நாய்க்கு, வேளைக்கு 50 கிராமில் அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு 15 நிமிடம் ஊறவையுங்கள். வாசனையும் தூக்கும், மங்கிய மூக்குக்கு அது பெரிய உதவி. கொதிநீர் கூடாது, சில வைட்டமின்கள் வீணாகும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

சத்துக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு நாலரை தரலாம். இரண்டுதான் போடுகிறேன், அந்த ஜிப்புக்காக. தள்ளுபடி இல்லாவிட்டாலும் 2 கிலோ பையே வாங்குங்கள், 20 நாளில் தீர்ந்துவிடும்.