திசை கற்பிக்க: நிழல்குச்சியா, காந்த ஊசியா?

மூன்றாம், நான்காம் வகுப்புக்கு இரண்டில் எதை முதலில் எடுப்பது?

செலவு
குச்சி: ஒரு மீட்டர் கம்பு, இரண்டு கூழாங்கல்.
ஊசி: தையல் ஊசி, காந்தம், தெர்மாகோல் துண்டு, பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர்.

நேரம்
குச்சி: காலை 11 மணிக்கு நிழல் நுனியில் ஒரு கல், 30 நிமிடம் கழித்து இன்னொன்று. நுனி பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு.
ஊசி: காந்தத்தின் ஒரே முனையால், ஒரே பக்கமாக 40 முறை தேய்த்து மிதக்கவிட்டால் சில நொடிகளில் திரும்பிவிடும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் காந்தம் சரியாக ஏறாது. இதில்தான் பாதிப் பிள்ளைகள் தவறுவார்கள்.

எங்கே சொதப்பும்
குச்சி: மேகம் வந்தால் போச்சு. இரண்டு கல்லுக்கும் நடுவில் கம்பு அசைந்தாலும் அளவு கெடும்.
ஊசி: இரும்பு மேசைக்கால், செல்போன் அருகே இருந்தால் தடுமாறும். எந்த நுனி வடக்கு என்று அதுவே சொல்லாது. வெயில் உள்ள நாளில் சூரியனை வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் திசையை முதன்முதலாக அறிமுகப்படுத்தக் குச்சிதான் சரி. மழைக்காலத்துக்கும் காந்தப் பாடத்துக்கும் ஊசி. எதை எடுத்தாலும் வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரியுங்கள். இல்லையென்றால் வடக்கு எங்கே என்றதும் பிள்ளை கூரையைக் காட்டும்.