காரைக்குடி வீட்டு நெட்: ‘எல்லாம் சேர்ந்த’ பிளானா, சொந்த ரவுட்டரா?

கம்பெனியே ரவுட்டர், ஓடிடி எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் தொடக்கப் பிளான் ஒரு வழி. வெறும் ஃபைபர் லைன் வாங்கி நம்ம ரவுட்டரை மாட்டுவது இன்னொன்று.

செலவு
தொடக்கம்: கைக்காசு குறைவு. ஓடிடி காசு மாத பில்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.
சொந்தம்: முதல் செலவு உண்டு. கம்பெனி மாறினாலும் ரவுட்டர் நம்மிடமே இருக்கும்.

சிக்னல்
தொடக்கம்: ஒரே பெட்டியை முகப்பில் மாட்டிவிட்டுப் போவார்கள். சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை செத்துவிடும். இரண்டாம் கட்டில் மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தட்டுத் தடுமாறி வரும்.
சொந்தம்: வளவு (உள்முற்றம்) ஓரமாகக் கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து (100 மீட்டர் வரை தாங்கும்) பின்கட்டில் ஆக்சஸ் பாயிண்ட் (அங்கே வைஃபை பரப்பும் பெட்டி) வைக்கலாம்.

கேமரா
பூட்டிய வீட்டைச் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். ரவுட்டரின் வான் ஐபி (WAN IP, கம்பெனி நம்ம ரவுட்டருக்குத் தரும் முகவரி) 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால், வெளியே தெரிவது பலர் பகிரும் முகவரி. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தும் பயனில்லை. கேமரா கம்பெனியின் கிளவுட் ஆப் மட்டும் ஓடும். டிவிஆரை (கேமரா பதிவுப் பெட்டி) நேரடியாகப் பார்க்கப் பப்ளிக் ஐபி (நம்ம லைனுக்கு மட்டுமான முகவரி) கேளுங்கள். பல தொடக்கப் பிளான்களில் அது கிடைக்காது, ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டும் தரமாட்டார்கள்.

பழுது
தொடக்கம் சுலபம்: ஒரு போன் போதும். சொந்த ரவுட்டர் என்றால், லைன்மேன் கிளம்பும் முன் பிபிபிஓஇ (PPPoE, கம்பெனி லைனில் நுழையும் லாகின்) யூசர்நேம், பாஸ்வேர்ட், ரவுட்டரில் போட வேண்டிய விலான் (VLAN) எண்ணை எழுதி வாங்குங்கள். ஓஎன்டியை (ஃபைபர் வந்து சேரும் கம்பெனிப் பெட்டி) பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது லைனை அப்படியே நம்ம ரவுட்டருக்குக் கடத்தும் நிலைக்கு, மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டு அறை வாடகை வீட்டுக்குத் தொடக்கப் பிளான் தாராளம். நாலு கட்டு வீடு, கேமரா என்றால் சொந்த ரவுட்டர்தான்.