எக்லிப்ஸ் காமிக்ஸ்: பழைய இதழ்களை இன்று வாங்கலாமா?

அமெரிக்காவில் 1978 முதல் 1990களின் முற்பகுதி வரை இயங்கிய எக்லிப்ஸ் என்னும் சிறு பதிப்பகத்தின் காமிக்ஸ்களைச் சில ஆண்டுகளாகத் தேடி வாங்கிப் படித்து வருகிறேன். பழைய புத்தகங்களுக்குப் பணம் செலவழிக்கத் தயங்கும் வாசகர்களுக்கு, எவை அந்த விலைக்குத் தகும், எவை தகா என்பதை என் வாசிப்பை வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வாங்க வேண்டியது, எக்லிப்ஸைத் தொடங்கிய மல்லேனி சகோதரர்கள் 1978இல் வெளியிட்ட 'சேபர்'. டான் மெக்ரிகர் எழுதி, பால் குலாசி வரைந்த இந்தக் கறுப்பு வெள்ளைப் புத்தகம், பத்திரிகைக் கடைகளை நம்பாமல் காமிக்ஸ் கடைகளுக்கென்றே தயாரான முதல் கிராஃபிக் நாவல்களில் (முழுக் கதையையும் ஒரே புத்தகமாகச் சொல்லும் காமிக்ஸ்) ஒன்று. பத்திரிகைக் கடைகளில் விற்காத பிரதிகள் பதிப்பாளரிடமே திரும்பி வந்துவிடும். காமிக்ஸ் கடைகளோ முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லி, கூடுதல் கழிவில், திருப்பித் தர முடியாத நிபந்தனையுடன் வாங்கின. ஆர்டருக்கு ஏற்ப அச்சடிக்கலாம் என்ற இந்த ஏற்பாடுதான் கையில் அதிக முதல் இல்லாதவர்களையும் பதிப்புத் துறைக்குள் கொண்டுவந்தது. குலாசியின் கோடுகள் இன்றும் கூர்மையாக நிற்கின்றன. மெக்ரிகரின் உரைநடை சில பக்கங்களில் ஓவியத்துக்கு மூச்சுவிட இடம் தராத அளவுக்கு அடர்ந்திருந்தாலும், எழுதியவர் விரும்பியதை எழுத விடப்பட்டிருக்கிறார் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

நான் எக்லிப்ஸை மதிப்பதற்குக் காரணமும் இதுவே. பெரிய நிறுவனங்களில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு, உருவாக்கிய பாத்திரத்தையே விட்டுக்கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாக இருந்த காலத்தில், இவர்கள் உரிமையைப் படைப்பாளியிடமே விட்டு, விற்பனைக்கேற்ப ராயல்டியும் கொடுத்தார்கள். ஸ்காட் மெக்லவுடின் 'ஜாட்!' அப்படி வளர்ந்த தொடர். அதன் முதல் 10 இதழ்கள் வண்ணத்தில் வந்தன. 11 முதல் 36 வரையிலான கறுப்பு வெள்ளை இதழ்களே அவர் கை முதிர்ந்ததைக் காட்டுகின்றன. முழுத் தொகுதியும் கிடைக்காவிட்டால் அவற்றை மட்டுமாவது வாங்குங்கள். 1987இல் விஸ் நிறுவனத்துடன் சேர்ந்து மங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸ் தொடர்கள் மூன்றை மாதம் இருமுறை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும் துணிச்சலான வேலைதான். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய பக்கங்களை அமெரிக்க வாசகருக்காக இடம் வலமாக மாற்றி அச்சிட்டது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

அதிகம் தேடப்படும் சூப்பர் ஹீரோ தொடரான 'மிராக்கிள்மேன்' குறித்து எச்சரிக்கை தேவை. ஆலன் மூரின் எழுத்துக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1985இல் வந்த முதல் இதழ்கள், பிரிட்டிஷ் இதழொன்றில் பெரிய பக்கங்களில் கறுப்பு வெள்ளையில் வந்தவற்றைச் சுருக்கி வண்ணம் பூசியவை. நுணுக்கமான கோடுகள் பல இடங்களில் வண்ணத்துக்கு அடியில் அமுங்கிவிட்டன. 1986 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ரஷ்யன் ஆற்றில் வந்த வெள்ளம் கெர்ன்வில் ஊரிலிருந்த எக்லிப்ஸ் அலுவலகத்தில் புகுந்து, இருப்பிலிருந்த பழைய இதழ்களில் பெரும்பகுதியை அழித்தது. அதன் தடம் 'மிராக்கிள்மேன்' 8ஆம் இதழிலேயே இருக்கிறது: புதிய கதைக்குப் பதிலாக, 1950களின் பழைய கதைகளை மறுபதிப்புச் செய்திருக்கிறார்கள். ஜான் டோட்டில்பென் வரைந்த 11 முதல் 16 வரையிலான இதழ்களுக்காக மற்ற குறைகளை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

சிறு பதிப்பகத்துக்குப் பழைய இதழ்களின் இருப்பே சேமிப்பு. அது வெள்ளத்தோடு போனது. அடுத்த ஆண்டே கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ் சந்தை சரிந்து, கடைகளில் பிரதிகள் தேங்கின. கடைகளின் முன்பதிவையே நம்பி நிற்பவருக்கு, கடைக்காரர் கையைச் சுருக்கினால் அடுத்த மாதமே அச்சகத்துக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. எக்லிப்ஸ் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, 1990களின் தொடக்கத்தில் குற்றவாளிகளின் படங்கள் கொண்ட, சேகரித்து வைப்பதற்கான அட்டைகளைக்கூட வெளியிட்டது. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய எக்லிப்ஸின் அக்கறை அவற்றில் இல்லை. பின்னர் நிறுவனம் திவாலாகி, 1996இல் அதன் சொத்துகளை காமிக்ஸ் ஓவியரும் பதிப்பாளருமான டாட் மெக்ஃபார்லேன் 25,000 டாலருக்கு வாங்கினார். பிற படைப்பாளிகளின் உரிமைக்காக நின்ற இந்தப் பதிப்பகத்தின் மிகப் புகழ்பெற்ற தொடரான 'மிராக்கிள்மேனே' உரிமைச் சிக்கலில் மாட்டியதுதான் எனக்கு ஆறாத வருத்தம். பாத்திரத்தை உருவாக்கிய மிக் ஆங்லோவிடமிருந்து மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் 2009இல் உரிமையை வாங்கிய பிறகே மறுபதிப்புக்கு வழி பிறந்தது.

ஆகவே 'மிராக்கிள்மேன்' கதைக்காக மட்டும் வேண்டுமென்றால், வண்ணத்தைப் புதிதாகச் செய்த மார்வெல் பதிப்பை வாங்குங்கள். எக்லிப்ஸின் தொடர் 1993இல் 24ஆம் இதழோடு பாதிக் கதையில் நின்றுவிடுகிறது. 'சேபர்', 'ஜாட்!' இரண்டையும் பழைய பதிப்பிலேயே தேடலாம். வாங்கும்போது தாளின் ஓரங்கள் பழுப்பேறியிருக்கின்றனவா, முதுகில் பின்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.