தொண்டை வலிக்கு சிஆர்பியா, புரோகால்சிடோனினா? எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு எது உதவும்

காய்ச்சலும் தொண்டை வலியும் என்று வந்தால் திருநெல்வேலி வண்ணார்பேட்டை லேப்களில் சிஆர்பி, அதாவது உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்க்காமல் விடுவதில்லை. திடமான ஆளுக்கு அது சரி. கீமோ எடுப்பவருக்கும், சிறுநீரக மாற்று செய்தவருக்கும், மூட்டுவாதத்துக்கு ஊசி போடுபவருக்கும் அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது.

சிஆர்பி ஈரலில் சுரப்பது. ஐஎல்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் தூண்டினால்தான் பெரும்பாலும் அது ஏறும். உச்சத்துக்குப் போக 2 நாள் ஆகும். மூட்டுவாத ஊசியான டோசிலிசுமாப் அந்த ஐஎல்-6 வேலையைத்தான் தடுக்கிறது. ஆகவே அதைப் போடுபவருக்குத் தொண்டையில் சீழ் கட்டியிருந்தாலும் ரிப்போர்ட்டில் சிஆர்பி நார்மல் என்று வரலாம். "கம்மியாத்தான இருக்கு அண்ணாச்சி, ஒண்ணுமில்லையே?" என்று கேட்டுவிட்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறிவிடுவார்கள். பயமே அங்கேதான்.

புரோகால்சிடோனின் பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். சில மணி நேரத்திலேயே ஏறும். வைரஸ் காய்ச்சலில் அவ்வளவாக ஏறாது, ஸ்டீராய்டும் அதை அதிகம் கலைப்பதில்லை. ஆனால் தொற்று தொண்டையோடு நின்றால் அது அசையாமலே இருக்கலாம். சிறுநீரகம் பழுதானவருக்கோ தொற்று இல்லாமலே சற்று கூடியிருக்கும். விலையும் பல மடங்கு. ரத்தத்தில் பரவிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால் பார்க்கலாம். வெறும் தொண்டை வலிக்குக் காசைக் கரியாக்க வேண்டாம்.

ஸ்ட்ரெப் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் ஏஎஸ்ஓ இந்தப் போட்டியிலேயே இல்லை. அது உச்சத்துக்கு வரவே 3 முதல் 5 வாரம்.

என் ஓட்டு சாதா ரத்த அணு எண்ணிக்கைக்குத்தான். ஸ்டீராய்டு போடுபவருக்கு வெள்ளணு சும்மாவே கூடும், அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனவருக்கோ டான்சிலில் சீழின் வெள்ளை பெரும்பாலும் படியாது. சீழ் உண்டாக்க அணு வேண்டுமே! டார்ச் அடித்துப் பார்த்தால் லேசான சிவப்பு மட்டுமே தெரியலாம். தைராய்டுக்கு கார்பிமசோல் சாப்பிடுபவருக்கு வெள்ளணு திடீரென விழலாம்; அவருக்குத் தொண்டை வலித்தால் அன்றைக்கே இந்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

கூடவே தொண்டை ஸ்வாப் கல்ச்சர், அதாவது தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. 1, 2 நாள் ஆகும். ஆனால் உடம்பின் எதிர்ப்பை நம்பாமல் கிருமியையே நேரில் பிடிப்பது இங்கே சொன்னவற்றில் இது ஒன்றுதான். மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுவிட்டு வந்தால் அதுவும் கெட்டது.

கீமோ எடுப்பவருக்கு 101 டிகிரி காய்ச்சல் அடித்தால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம். நேரே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்குப் போய்விட வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். ரிப்போர்ட் பிறகு வரட்டும்.