ஊஞ்சல் பலகையில் தெறித்த பெயின்ட்

காரைக்குடியில் எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகை தாத்தா காலத்தது. பர்மாத் தேக்கு, ஆறடி நீளம். மூன்று தலைமுறை உட்கார்ந்து நடுப்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். மெல்போர்னில் இருக்கும்போது ஊரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அந்தப் பலகைதான்.

இந்த முறை அண்ணன் மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் போயிருந்தேன். வீடு முழுக்கப் புதிதாகப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். சுவர், ஜன்னல் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஊஞ்சலில் உட்காரப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பலகை முழுக்கச் சந்தன நிறத்தில் எமல்ஷன் பொட்டுகள். ஜன்னல் கம்பிக்கு அடித்த பச்சை எனாமல் ஒரு ஓரமாகப் பெரிய சொட்டுகளாக விழுந்து காய்ந்திருந்தது. பலகையைக் கழற்றியும் வைக்கவில்லை, மேலே ஒரு பழைய போர்வையைக்கூடப் போடவில்லை.

பெயின்ட் வேலை எடுத்தவருக்குப் போன் செய்ததும் ஒரு பையனை அனுப்பினார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் கையில் இருந்தது தின்னர் பாட்டிலும் கொஞ்சம் வேஸ்ட் துணியும். என்ன செய்யப்போகிறான் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் துணியை நனைத்துத் தேய்த்துவிட்டான். பெயின்ட் வந்தது, கூடவே பாலிஷும் வந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பலகை மங்கிப்போய், இளகிய பாலிஷில் துணியின் நூல்கள் ஒட்டிக்கொண்டன. போதும் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்து, ஊரில் நன்றாக ஓடும் ஒரு பாலிஷ் கடைக்குப் போனேன். வந்து பார்த்தவர், "மெஷின் வச்சு மொத்தமா இழைச்சு பியூ அடிச்சிரலாம் சார், கண்ணாடி மாதிரி ஆயிரும்" என்றார். கூலியும் பொருளும் சேர்த்து 9,000 ரூபாய், இரண்டே நாள். வேலையில் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகம் இல்லை. பியூ என்பது பாலியூரித்தேன், சமையலறை அலமாரிக் கதவுக்கு அருமையான பூச்சு. ஆனால் இழைத்தால் இத்தனை வருடம் கனிந்து வந்த நிறமும் அந்தக் குழிவும் தூளாகப் போய்விடும். நான் கேட்டது பெயின்ட் பொட்டை எடுப்பதற்கு, பலகையைப் புதிதாக்குவதற்கு அல்ல. இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு கடைகளில் எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

கடைசியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழைய வீடுகளிலிருந்து வரும் தூண், கதவு, கண்ணாடிச் சட்டம், எனாமல் பாத்திரம் என்று விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. பழம்பொருளை இழைத்துவிட்டால் விலை போகாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு கடைக்காரர், தங்களுக்கு வேலை செய்யும் பாலிஷ்காரரின் நம்பரைக் கொடுத்தார். அறுபதைத் தாண்டியவர். மறுநாள் காலை ஏழரைக்கு, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்.

வந்ததும் பொட்டுகளைத் தொடவே இல்லை. பலகையின் அடிப்பக்கம், யாரும் பார்க்காத மூலையில், பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைத்தார். அரை நிமிடத்தில் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. "அவலரக்கு பாலிஷ் தம்பி. ஸ்பிரிட்டும் ஆகாது, தின்னரும் ஆகாது" என்றார். அரக்குப் பூச்சி மரக்கிளையில் விடும் பிசினைச் சுத்தம் செய்து அவல் மாதிரித் தகடாக்குவதுதான் அவலரக்கு. அதை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பூசுவார்கள். எத்தனை வருடம் கழித்து ஸ்பிரிட் பட்டாலும் திரும்பக் கரையும். ஸ்பிரிட்டுக்கு இளகாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர் (lacquer) பூச்சு, இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷோ பியூவோ என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்குள் அண்ணி சானிடைசர் பாட்டிலோடு வந்துவிட்டார். காய்ந்த எமல்ஷன் அதில் இளகும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். அது உண்மையும்கூட. கண்ணாடியிலோ டைல்ஸிலோ பட்ட பெயின்ட்டுக்குச் சரிதான். ஆனால் ஸ்பிரிட்டைப் போலவே சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தானே, பெயின்ட் இளகுவதற்கு முன்னால் அரக்கு கரைந்துவிடும். பெரியவர் பதறிப்போய், "அதக் கிட்டக் கொண்டு வராதீங்கம்மா" என்றார். கடையில் விற்கும் பெயின்ட் ரிமூவரும் அப்படித்தான், மேலே இருப்பது பெயின்ட், கீழே இருப்பது பாலிஷ் என்று அது பிரித்துப் பார்க்காது.

எமல்ஷனுக்கு அவர் எடுத்தது வெறும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரே சமயத்தில் நான்கைந்து பொட்டுகளை மட்டும் மூடி, இரண்டு மூன்று நிமிடம் வைத்தார். அதற்கு மேல் ஈரம் நின்றால் அரக்கு வெளுத்துவிடும். பிறகு மூங்கிலைச் சீவிச் செய்த ஒரு பட்டையால், மரத்தின் ரேகை ஓடும் திசையில் நெம்பினார். பொட்டுகள் தோலாக உரிந்து வந்தன. உடனே காய்ந்த துணியால் துடைத்துவிட்டு அடுத்த நான்கைந்து. அப்படியும் வராதவற்றின் மேல் லின்சீட் ஆயில் தடவி இரவு முழுக்க ஊறவிட்டார். அந்த எண்ணெய் அரக்கை ஒன்றும் செய்யாது, பெயின்ட்டின் பிடிப்பை மட்டும் தளர்த்தும். வீட்டுக்குப் போகும்முன் எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துக் காயப்போட்டார். லின்சீட் ஆயில் தோய்ந்த துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கல்யாணப் பந்தல் போட்ட வீட்டில் அவர் அதை மறக்காமல் செய்தது என் மனதில் நிற்கிறது.

எனாமல்தான் உண்மையான வேலை. ஈரமாக இருக்கும்போதே என்றால் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தால் போயிருக்கும், அதற்கு அரக்கு கரையாது. காய்ந்த பிறகு பிளேடுதான். ஒரு சவர பிளேடை எடுத்து இரண்டு முனையிலும் செல்லோடேப்பைச் சுற்றினார். நடுவில் ஒரு விரல் அகலம் மட்டும் வெறும் பிளேடு. டேப்பின் கனம் பாலிஷ் மேல் உட்கார்ந்துகொள்ள, நடுவில் உள்ள கூர் ஒரு நூலிழை உயரத்தில் நிற்கும். பிளேடைச் சற்றே வளைத்துப் பிடித்து, பச்சைச் சொட்டைச் சுருள் சுருளாகச் சீவினார். கன்னத்தைப் பலகையோடு ஒட்ட வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்துக்கொண்டே செய்தார். பக்கத்தில் நின்ற நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். மெல்லிய படலமாக மிச்சம் நின்றதை, இருப்பதிலேயே மிக நைசான ஸ்டீல் வுல்லில் மெழுகு தொட்டு மெதுவாக ஒற்றி எடுத்தார். உப்புத்தாளை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

தாத்தாவின் எழுதுமேசையில் இருந்த பழைய நீலப் பெயின்ட் துளிகளையும் எடுத்துத் தரச் சொன்னேன். அதையும் ஈரம் வைத்துத்தான் எடுத்தார். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, அதுவும் குழந்தைகள் ஓடும் வீட்டில்.

தின்னர் தின்ற இடம்தான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அவருக்கு அது கவலையாகவே தெரியவில்லை. ஒட்டியிருந்த நூல்களை நீக்கிவிட்டு, பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, நீர்க்கக் கரைத்த அரக்கைத் தொட்டு, எட்டுப் போடுவதுபோல் நிற்காமல் ஓட்டினார். புது அரக்கில் உள்ள ஸ்பிரிட் பழைய அரக்கின் விளிம்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. எந்தப் பலவீனத்தால் அந்த இடம் கெட்டதோ, அதையே வைத்து அதைச் சரிசெய்தார். பியூ அடித்திருந்தால் இப்படி ஒட்டுப்போட முடியாது, ஒரு இடம் கெட்டால் முழுதும் இழைக்க வேண்டியதுதான்.

இரண்டு நாள் கூலி 2,800, பொருளுக்கு 350. கேட்டதற்கு மேல் கொடுத்தபோது கொஞ்சம் தயங்கித்தான் வாங்கினார். ஊருக்குப் போகிறவர்கள் பழைய சாமான் வேலைக்கு ஆள் கூப்பிட்டால், விலை கேட்பதற்கு முன் "என்ன பாலிஷ்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். அடிப்பக்கம் தொட்டுப் பார்க்கிறேன் என்று சொல்பவரிடம் சாமானை நம்பிக் கொடுக்கலாம்.

பலகையின் இடது ஓரத்தில் ஒரு பழைய வெடிப்பு உண்டு. அதற்குள் இறங்கிய இரண்டு பச்சைப் பொட்டுகளை அவர் எடுக்கவில்லை. "தோண்டினா மரம் போயிரும், இருக்கட்டும்" என்றார். கல்யாணத்தன்று மணப்பெண்ணும் அம்மாவும் அதே ஓரத்தில்தான் உட்கார்ந்து ஆடினார்கள். புடவைக்கு அடியில் அந்தப் பச்சை யார் கண்ணிலும் படவில்லை.