எல்இடி இண்டிகேட்டர் படபடவென அடித்தால்: ரெசிஸ்டரா, ரிலேயா?

காரைக்குடிப் பக்கம் பைக்கில் எல்இடி இண்டிகேட்டர் மாட்டுபவர்கள் முதலில் சொல்லும் குறை, அது படபடவென வேகமாக அடிக்கிறது என்பதுதான். பழைய பல்பு ஒன்று 10 வாட், எல்இடி ஒன்றிரண்டு வாட்தான், அதனால் கரண்டு குறைந்ததும் ஏதோ ஒரு பல்பு பியூஸ் போன மாதிரி, இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷர் ரிலே வேகமாக அடிக்கிறது. சில பழைய ரிலேக்கள் அடிக்கவே அடிக்காது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி: கூடுதல் கரண்டு இழுக்கும் ரெசிஸ்டர், இல்லையென்றால் எல்இடிக்கு ஏற்ற ரிலே. ரெசிஸ்டர் விலை குறைவு, எல்இடிக்கு இணையாகக் கோத்தால் போதும். ஆனால் 12 வோல்ட்டில் 10 ஓம் ரெசிஸ்டர், இண்டிகேட்டர் எரியும் நேரமெல்லாம் சுமார் 14 வாட்டை வெறும் சூடாகவே வெளியே விடும். நான் ஒன்றை சீட்டுக்கு அடியில் ஒயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தேன், சித்திரை வெயிலில் தேவகோட்டை போய்வந்து பார்த்தால் பக்கத்து ஒயரின் உறை இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டாயம் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கைத் தொடாமல் இரும்புச் சட்டத்தில் திருகுங்கள்.

எல்இடி ரிலே கொஞ்சம் விலை கூட, ஆனால் சூடு இல்லை, பேட்டரிக்கும் சுமை இல்லை, பழையதைக் கழற்றிய இடத்திலேயே உட்காரும். ரிலேயின் அடியில் ஒயர் சேரும் கால்கள், அதாவது பின்கள், எத்தனை என்று மட்டும் பாருங்கள். மூன்று பின் என்றால் பெரும்பாலும் ஒன்றுக்கு எர்த் தர வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால் இரண்டையுமே வாங்காதீர்கள். அந்தப் பக்க எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.