ஒரு ஜீப், அதை இழுக்க ஒரு பிக்கப்: சில வருட அனுபவம்

என் ஜீப், காட்டுப் பாதையிலும் பாறைத் தடத்திலும் ஏறுவதற்கான வண்டி. அதைத் தடம் வரை இழுத்துப் போக ஒரு பிக்கப் வந்த பிறகுதான் ஜீப்பை என் இஷ்டத்துக்கு மாற்ற முடிந்தது. அதுவரை எதில் கை வைத்தாலும், "சரி, இதோடு நெடுஞ்சாலையில் நான்கைந்து மணி நேரம் ஓட்ட முடியுமா?" என்ற கேள்வி குறுக்கே நிற்கும்.

ஜீப், டிஜே தலைமுறை ரேங்ளர் ரூபிகான். ரூபிகான் வகை 2003 மாடலில் அறிமுகமானது. முன், பின் ஆக்ஸில் இரண்டிலும் லாக்கர் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைப்பது), 4:1 லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் கியர்) எல்லாம் கம்பெனியிலிருந்தே வந்தவை. நான் சஸ்பென்ஷனைச் சுமார் 10 செ.மீ. உயர்த்தி, 35 அங்குல டயரும் அடிப்பாகத் தகடுகளும் வின்ச்சும் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) போட்டேன். டயர் பெரிதானால் கியரையும் தொட்டாக வேண்டும். கம்பெனி டயர் ஏறக்குறைய 30.5 அங்குலம், ஆக்ஸில் கியர் விகிதம் 4.11. அதே கியரோடு 35 அங்குலம் மாட்டினால் 3.58 போட்ட வண்டி போலத்தான் இழுக்கும், மேட்டில் மூச்சு வாங்கும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 115-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். 4.88-க்கு மாற்றிய பிறகு இழுவை பழையபடி வந்தது, கொஞ்சம் கூடுதலாகவே.

பாறையில் இதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. டயர் காற்றழுத்தத்தை 12–15 பிஎஸ்ஐ-க்கு இறக்கி, லோ ரேஞ்சில் போட்டுவிட்டால் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஏறும். தார்ச்சாலையில் கதை வேறு. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.37 மீட்டர்தான், அதன் மேல் உயரம் வேறு. பக்கக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும், டயர் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஆனாலும் இரண்டாவது வண்டி வாங்கியதற்கு அலுப்பு காரணமில்லை. காட்டுக்குள் ஒரு ஆக்ஸில் ஷாஃப்ட் உடைந்தாலோ முன் சக்கரங்களைத் திருப்பும் டை ராடு வளைந்தாலோ, அதே வண்டியில்தான் வீடு திரும்ப வேண்டும் என்ற நினைப்பே கடினமான தடத்தில் காலைப் பின்னுக்கு இழுக்கும்.

முதலில் நான்கு சக்கரமும் தரையில் உருள, டோ பாரில்தான் (இரண்டு வண்டியையும் இணைக்கும் இரும்புத் தண்டு) பிக்கப்பின் பின்னால் ஜீப்பை இழுத்தேன். முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில், ஸ்டியரிங் பூட்டு விழாதபடி சாவி, அவ்வளவுதான். செலவு குறைவு, டிரெய்லரை நிறுத்த இடம் தேட வேண்டாம். ஆனால் ரிவர்ஸ் எடுக்கவே முடியாது, முன் சக்கரங்கள் திரும்பி மடக்கிக்கொள்ளும். விலை உயர்ந்த மட் டயர் தார்ச்சாலையில் தேய்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், உடைந்த ஜீப்பை அப்படி இழுத்து வர முடியாது. டிரெய்லரில் வின்ச் வைத்து ஏற்றிவிடலாம். அதனால் இரட்டை ஆக்ஸில் டிரெய்லருக்கு மாறினேன்.

இழுக்கும் வண்டி விஷயத்தில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இழுவைத் திறனைப் பார்க்கிறார்கள், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பேலோட் எண்ணை, அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடையை, பார்ப்பதில்லை. என் ஜீப் இப்போது ஏறக்குறைய 2,000 கிலோ, டிரெய்லர் 900. மொத்தம் 2,900-ல் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் (பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் இறங்க வேண்டும், அதாவது 290 முதல் 435 கிலோ. அது பிக்கப்பின் பேலோடில் சேரும். அதன் மேல் நான்கு ஆட்கள், கருவிப் பெட்டி, கூடாரம், உதிரி பாகங்கள். இழுவைத் திறன் இன்னும் பாதி மிச்சம் இருக்கும்போதே பேலோட் தீர்ந்துபோகும். இரண்டாவது வண்டி தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எஞ்சின் குதிரைத்திறன் எல்லாம் அப்புறம்.

ஜீப்பை டிரெய்லரில் எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். ஒரு சாண் பின்னால் போனாலே ஹிட்ச் எடை குறைந்து, வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். ரொம்ப முன்னால் போனால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, ஸ்டியரிங் லேசாகிவிடும். எடை பார்த்துச் சரியான இடம் கிடைத்ததும் தளத்தில் பெயின்ட் அடையாளம் போட்டுவிட்டேன். ஆட்டம் தொடங்கினால் பிக்கப் பிரேக்கை மிதிக்கவே கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டு, ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுக்க வேண்டும். கன்ட்ரோலர் இல்லாமல் இந்த எடையை இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஜீப்பை டிரெய்லரோடு பிணைக்கும் பட்டைகளை ஜீப்பின் ஆக்ஸிலில்தான் கட்டுகிறேன். அதன் சட்டத்தில் கட்டினால், உயர்த்திய சஸ்பென்ஷன் ஒவ்வொரு பள்ளத்திலும் அமுங்கி எழும்போது பட்டை தளர்ந்துவிடும். கிளம்பிச் சில கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை இறுக்குவது வழக்கமாகிவிட்டது.

தொந்தரவுகளும் உண்டு. இன்சூரன்ஸ் இரண்டு, ஆயில் மாற்றம் இரண்டு, டயரோ டிரெய்லரையும் சேர்த்தால் மூன்று செட். ஜீப் வாரக்கணக்கில் நிற்பதால் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி வைக்க வேண்டியிருக்கிறது. டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன் வயதாகி வெடிப்பு விடுகின்றன, ஆகவே டயர் பூ எவ்வளவு மிச்சம் என்பதைவிடத் தயாரித்த தேதியைத்தான் பார்க்கிறேன். சுமையோடு மலை ஏறும்போது பிக்கப் குடிக்கும் எரிபொருளைப் பற்றிப் பேச வேண்டாம்.

தடங்கள் பக்கத்திலேயே இருப்பவருக்கு இந்த ஏற்பாடு வீண். 33 அங்குல டயரோடு நிறுத்திக்கொண்டு அதே வண்டியை ஓட்டிப் போவது நல்லது. தூரம் போய்க் கடினமான பாறையில் ஏறுபவர் என்றால், ஜீப்புக்கு அடுத்த பாகம் வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் பிக்கப்பிலும் நல்ல பிரேக் உள்ள டிரெய்லரிலும் போடச் சொல்வேன்.